பத்தாம் நம்பர் ஸ்பேனரும் செம்பியின் முன்னங்காலும்

வளைந்துபோன நாயின் முன்னங்காலை அறுவை சிகிச்சை செய்து நேராக்கலாம், காலைச் சுற்றி வளையமும் கம்பியுமாக ஒரு சட்டம் மாட்டி, வீட்டில் தினமும் நட்டைத் திருகித் திருகியே எலும்பை நிமிர்த்தி நீளமும் ஆக்கலாம் என்று எங்கள் பக்கம் யாரிடமாவது சொல்லிப் பாருங்கள். "அதெல்லாம் பெங்களூர்ல ஃபிளாட்ல வளர்க்கிற நாய்க்கும்மா, நம்ம தோப்பு நாய்க்கு ஆகுமா" என்பார்கள். ஆகும். காவேரிப்பட்டணம் பக்கத்தில் மாந்தோப்புக்குள் ஓர் ஓட்டு வீட்டில், மாட்டுக்கொட்டகையை ஒட்டின தாழ்வாரத்தில், எழுதப் படிக்கத் தெரியாத என் அத்தை கையால் திருகியே ஒரு கால் நிமிர்ந்ததைக் கூட இருந்து பார்த்தவள் நான்.

செம்பி எங்கள் வீட்டில் பிறந்த குட்டி இல்லை. பக்கத்துத் தோப்பைக் குத்தகைக்கு எடுத்தவர்கள் காவலுக்கு வளர்த்தது. பெங்களூரா மாங்காய் கடைசி லோடு கூழ் ஃபேக்டரிக்குப் போனதும் அவர்கள் குடிசையைப் பிரித்துக்கொண்டு கிளம்பினார்கள், குட்டி இங்கேயே நின்றுவிட்டது. சிப்பிப்பாறைக் கலப்பு என்பது பார்த்தாலே தெரியும்: நீண்ட முகம், ஒட்டின வயிறு, நெட்டைக் கால். அதில் இடது முன்னங்கால் மட்டும் மணிக்கட்டுக்கு மேலே முன்பக்கம் புடைத்து வளைந்து, பாதம் வெளிப்பக்கம் திரும்பி, மற்ற காலைவிடக் குட்டையாக இருந்தது. நிற்கும்போது உள்ளங்காலின் உள் ஓரம்தான் தரையில் படும், அந்த இடம் தேய்ந்து புண்ணாகியிருந்தது. "சின்னதா இருக்கும்போது பைக் இடிச்சுதுக்கா, நாலு நாள் நொண்டுச்சு, அப்புறம் நல்லாதான் ஓடுச்சு" என்று கிளம்பும்போது அந்த வீட்டுப் பையன் சொன்னான். வளையத் தொடங்கியதும் ஒரு கடையில் கால்சியம் டானிக் கொடுத்து, வளர வளரச் சரியாகிவிடும் என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். பாட்டில் பாட்டிலாக ஊற்றியிருக்கிறார்கள். பாவம், அவர்களால் முடிந்ததைச் செய்தார்கள்.

எங்கள் ஊர் கால்நடை மருந்தக டாக்டர் எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து விளக்கியது எனக்கு இன்னும் வரி வரியாக நினைவிருக்கிறது. நாயின் முன்னங்காலில் முழங்கைக்கும் மணிக்கட்டுக்கும் நடுவே இரண்டு எலும்புகள், ரேடியஸ், அல்னா. இரண்டும் ஒரே வேகத்தில் வளர வேண்டும். எலும்பு நீளுவது அதன் முனைகளில் இருக்கும் வளர்ச்சித் தட்டுகளில். ரேடியஸுக்கு இரண்டு முனையிலும் வளர்ச்சி உண்டு. அல்னாவின் கதை வேறு, அதன் நீளத்தில் ஏறத்தாழ 85 சதவீதம் மணிக்கட்டுப் பக்கம் இருக்கும் ஒரே தட்டிலிருந்து வருகிறது, மேல்முனைத் தட்டு முழங்கை முனைக்கு மட்டும்தான். அந்தக் கீழ்த்தட்டு நின்றுபோனால் அல்னா நின்ற இடத்திலேயே நிற்கும், ரேடியஸ் மட்டும் வளர்ந்துகொண்டே போகும். நீளாத நாண் இழுக்க இழுக்க வில் வளைகிற மாதிரி ரேடியஸ் வளையும், பாதம் வெளியே திரும்பும், போதாததற்கு முழங்கை மூட்டும் பொருத்தம் விட்டுப் பிரிய ஆரம்பிக்கும்.

ஏன் அந்தத் தட்டுக்கு மட்டும் அப்படி ஓர் ஆபத்து என்று கேட்டேன். நாயின் மற்ற வளர்ச்சித் தட்டுகள் பெரும்பாலும் தட்டையாக இருக்கும், பக்கவாட்டில் அடி விழுந்தால் வழுக்கி விலகும், விலகினது படத்தில் தெரியும், கட்டுப் போடலாம். அல்னாவின் கீழ்த்தட்டு கூம்பு வடிவம். கூம்பு எந்தப் பக்கம் நகர்ந்தாலும் ஒரு பக்கச் சுவரில் போய் முட்டி நசுங்கும். பைக் சக்கரம் தட்டினாலும் சரி, மேடையிலிருந்து தவறிக் குதித்தாலும் சரி, அடி கடைசியில் நசுக்கலாகவே போய் முடிகிறது. நசுங்கிய செல்கள் அன்றைக்குப் படத்தில் தெரியாது. எலும்பு உடையவில்லை, விலகவில்லை, குட்டியும் நாலு நாளில் ஓட ஆரம்பித்துவிடும். மூன்று நான்கு வாரம் கழித்துத்தான் வளைவு கண்ணுக்குப் படும். அதனால்தான் அடிபட்ட குட்டிக்கு அன்று எடுத்த படம் நன்றாக இருந்தாலும் இரண்டு மூன்று வாரம் கழித்து இன்னொரு படம் எடுக்க வேண்டும், இரண்டு முன்னங்காலையும் சேர்த்து எடுக்க வேண்டும், ஒப்பிட்டுப் பார்க்க நல்ல கால்தான் அளவுகோல் என்று அவர் அழுத்திச் சொன்னார். நாய்களில் வளர்ச்சித் தட்டு அடிபடுவதில் அதிகம் பார்க்கிற வகையே இதுதானாம்.

கால்சியம் பற்றி இங்கே கொஞ்சம் விரிவாகச் சொல்லியாக வேண்டும். வெறும் சோறு, வெறும் களி, இல்லாவிட்டால் வெறும் கறி என்று வளரும் குட்டிகளுக்குக் கால்சியம் குறைந்து எலும்பு வலுவிழந்து வளைவது உண்மைதான். அது பெரும்பாலும் இரண்டு பக்கமும் வரும், குட்டி சோர்ந்து கிடக்கும், தொட்டால் வலிக்கும், சாப்பாட்டைச் சரி செய்தால் நிறையவே தேறும். ஒரே ஒரு கால் மட்டும் வளைகிறது, மற்றபடி குட்டி துள்ளுகிறது என்றால் சந்தேகம் முதலில் அடிபட்ட தட்டின் மேல்தான் போக வேண்டும். நின்றுபோன தட்டை எந்த டானிக்கும் ஓட வைக்காது. பெரிய இனக் குட்டிகளுக்கு அளவு மீறிக் கால்சியம் ஊற்றினால் எலும்பு வளர்ச்சியே கெடும் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். பக்கத்து வீட்டுப் பெரியம்மா, "தண்ணியாலதான் இருக்கும் கண்ணு" என்றார்கள். அவர்கள் அப்படி நினைத்ததில் ஆச்சரியம் இல்லை. தர்மபுரி, கிருஷ்ணகிரி இரண்டு மாவட்டத்திலும் போர் தண்ணீரில் ஃப்ளூரைடு, பல்லில் கறையும் எலும்பில் வலியுமாக ஒரு தலைமுறையே இருந்தது, அதற்காகவே ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013-இல் வந்தது. ஆனால் தண்ணீர் செய்கிற கேடு ஒரு காலைத் தேர்ந்தெடுத்துச் செய்யாது.

சரி, என்ன வழி? குட்டி சின்னதாக, ரேடியஸ் இன்னும் நிறைய வளர வேண்டிய வயதில் இருந்தால், அல்னாவில் ஒரு துண்டை வெட்டி எடுத்துவிட்டு, அந்த இடைவெளி மறுபடி ஒட்டிக்கொள்ளாமல் இருக்க நாயின் உடம்பிலிருந்தே எடுத்த கொழுப்பை வைத்து மூடுகிறார்கள். இழுப்பு விட்டுப்போகும், ரேடியஸ் வளரும்போதே ஓரளவு தானாக நிமிரும். சின்ன அறுவை, செலவும் குறைவு. நாலு ஐந்து மாதத்துக்குள் கண்டுபிடித்தால் கிடைக்கிற வாய்ப்பு அது. செம்பி எங்கள் கைக்கு வந்தபோது அந்த வயதைத் தாண்டிவிட்டாள். பெரும்பாலான நாய்களுக்கு ஏழிலிருந்து பத்து மாதத்துக்குள் இந்தத் தட்டுகள் மூடிவிடும், மூடின பிறகு வளைந்தது வளைந்ததுதான். எலும்பை வெட்டித்தான் திருப்ப வேண்டும். வெட்டிய உடனே நேராக வைத்து உள்ளே பிளேட் போட்டு முடுக்குவதும் ஒரு முறை. ஆனால் செம்பியின் கால் வளைந்தது மட்டுமில்லாமல் குட்டையாகவும் இருந்தது. ஒரே நாளில் இழுத்து நீட்டினால் நரம்பும் ரத்தக்குழாயும் தாங்காது. வளைவும் குட்டையும் சேர்ந்து இருக்கும் கால்களுக்குத்தான் வெளிச்சட்டம், அதிலும் வளையச் சட்டம், பொருத்தம் என்றார்கள்.

இந்த வளையச் சட்டத்தின் வரலாறு என்னைக் கலங்க வைத்தது. சைபீரியாவில் குர்கான் என்ற ஊரில் இருந்த கவ்ரீல் இலிசரோவ் என்ற டாக்டர் 1950-களில் போரில் அடிபட்டவர்களுக்கும் ஒட்டாத எலும்புகளுக்குமாக உருவாக்கியது. 1964 டோக்கியோ ஒலிம்பிக்கில் உயரம் தாண்டுதலில் தங்கம் வாங்கிய வலேரி புருமெல் மறு வருடமே மோட்டார் சைக்கிள் விபத்தில் கால் நொறுங்கிக் கிடந்து, பல அறுவைகளுக்குப் பிறகு 1968-இல் இவரிடம் போய்த்தான் தேறினார், அதன் பிறகுதான் சோவியத் முழுக்கப் பெயர் பரவியது. எலும்பை ஒரு நாளைக்கு எவ்வளவு இழுக்கலாம் என்ற கேள்விக்கு இலிசரோவ் பதில் தேடியது நாய்களின் காலில். அரை மில்லிமீட்டர் வீதம் இழுத்தால் இடைவெளி சீக்கிரமே இறுகி மூடிக்கொள்கிறது, இரண்டு மில்லிமீட்டர் என்றால் எலும்பு உருவாவது தடுமாறி, சுற்றியுள்ள தசையும் நரம்பும் கெடுகின்றன, ஒரு மில்லிமீட்டர் சரி, அதையும் ஒரே இழுப்பாக இழுக்காமல் நாலாகப் பிரித்தால் இன்னும் நல்லது என்று கண்டார். 1989-இல் ஆங்கிலத்தில் வெளிவந்த அந்தக் கட்டுரைகளைத்தான் இன்றும் உலகம் முழுக்கப் பின்பற்றுகிறார்கள். மனிதர்கள் கால் நீட்டிக்கொள்ளும் அளவு நாய்களின் எலும்பிலிருந்து வந்தது. அதே அளவு திரும்பி ஒரு நாய்க்குப் பயன்படுவது நியாயம்தானே என்று எனக்குப் பட்டது.

கொழுந்தனாரின் குட்டியானை வண்டியில், பின்னால் வைக்கோல் பரப்பி, செம்பியைப் பெங்களூருக்கு ஏற்றிக்கொண்டு போனோம். அங்கே டாக்டர் முதலில் செய்தது மயக்க மருந்து கொடுத்து முழங்கையிலிருந்து பாதம் வரை முன்பக்கமும் பக்கவாட்டுமாகத் துல்லியமாகப் படம் எடுத்ததுதான். படத்தில் மேல் மூட்டுக்கு ஒரு கோடு, கீழ் மூட்டுக்கு ஒரு கோடு, எலும்பின் நடுவாக மேலிருந்தும் கீழிருந்தும் இரண்டு கோடு. அந்த நடுக்கோடுகள் வெட்டிக்கொள்ளும் இடம்தான் வளைவின் மையம், அங்கேதான் வெட்ட வேண்டும். வேறு இடத்தில் வெட்டி நேராக்கினால் கால் நேராகும், ஆனால் எலும்பு படிக்கட்டு மாதிரி ஒதுங்கி நிற்கும் என்றார். எலும்பு எவ்வளவு முறுகியிருக்கிறது என்பது மட்டும் படத்தில் சரியாகப் பிடிபடாது, முழங்கையை மடக்கிப் பாதம் எந்தப் பக்கம் பார்க்கிறது என்று கையால் பார்த்துத்தான் கணக்குப் போட்டார்.

அறுவைக்கு முன்பே சட்டத்தைப் பூட்டிவைத்திருந்தார்கள். அலுமினிய வளையங்கள், அவற்றை இணைக்கும் மரை போட்ட தண்டுகள், வளைவின் மையத்துக்கு நேராகக் கீல்கள். எலும்பின் குறுக்கே போகிற கம்பி ஒன்றரை மில்லிமீட்டர் தடிமன்தான், கையில் வைத்துப் பார்த்தால் இது எப்படி ஒரு காலைத் தாங்கும் என்று தோன்றும். வளையத்தில் இறுக்கி முறுக்கேற்றினால் அந்தக் கம்பிக்கு வரும் பலம் வேறு. அதேசமயம் நாய் காலை ஊன்றும்போது துளி அசைவு கொடுக்கும், அந்த மேலும் கீழுமான மெல்லிய அசைவு எலும்பு ஊறுவதற்கு உதவுகிறது. நரம்பும் ரத்தக்குழாயும் இல்லாத வழி பார்த்துத்தான் கம்பி ஏற்ற வேண்டும். அல்னாவை வெட்டி நாணை அறுத்தார்கள், ரேடியஸை வளைவின் மையத்தில் வெட்டினார்கள், எலும்பின் முறுகலை அங்கேயே மேசையில் சரி செய்துவிட்டு, மீதி வேலையை எங்களிடம் கொடுத்து அனுப்பினார்கள்.

இந்த 'மீதி வேலை'யைப் பற்றித்தான் நான் முக்கியமாகச் சொல்ல வந்தேன். முதல் சில நாள் எதையும் தொடக்கூடாது, வெட்டுவாயில் ரத்தம் கட்டிக் குணமாகும் வேலை தொடங்க வேண்டும். அப்புறம் திருகல். எல்லோரும் ஏதோ பெரிய கருவி என்று நினைக்கிறார்கள், டூவீலர் மெக்கானிக் கையில் இருக்கும் அதே பத்தாம் நம்பர் ஸ்பேனர்தான். ஆறு மில்லிமீட்டர் தண்டில் மரை ஒரு சுற்றுக்கு ஒரு மில்லிமீட்டர் நகரும். ஆக, கால் சுற்று என்றால் கால் மில்லிமீட்டர், நாளைக்கு நாலு முறை. முதல் கட்டத்தில் குழிந்த பக்கத் தண்டை மட்டும் திருகிக் கோணத்தைத் திறக்க வேண்டும். தண்டு எலும்பை விடக் கீலிலிருந்து தூரத்தில் இருப்பதால் எலும்பு ஒரு மில்லிமீட்டர் திறக்க நட்டு அதைவிட அதிகமாக நகர வேண்டும், அந்தக் கணக்கை டாக்டர் போட்டு ஒரு தாளில் எழுதிக் கொடுத்தார். கோணம் சரியானதும் எல்லாத் தண்டையும் சமமாகத் திருகி நீளம் கூட்டுவது இரண்டாம் கட்டம்.

நான் பள்ளிக்கூட வேலைக்குப் போகிறவள், வீட்டுக்காரர் மண்டிக்குப் போய்விடுவார். பகலில் செம்பியோடு இருப்பது அத்தைதான். தாளைப் படிக்க முடியாது, அதனால் நட்டின் ஒரு முகத்தில் சிவப்பு நெயில் பாலிஷும், வளையத்தின் மேல் நாலு இடத்தில் வெவ்வேறு நிறப் புள்ளியும் வைத்துக் கொடுத்தேன். அதிகாலை பால் கறக்கும் முன் வெள்ளைப் புள்ளி, மதியச் சாப்பாட்டுக்கு முன் பச்சை, விளக்கு வைக்கும் நேரம் மஞ்சள், படுக்கும் முன் சிவப்பில் வந்து நிற்க வேண்டும். அத்தை ஒரு வேளையையும் விடவில்லை. இடது கையால் செம்பியின் தாடையைத் தாங்கிக்கொண்டு, "கொஞ்சம் இருடி, ஆச்சு ஆச்சு" என்று பேசிக்கொண்டே வலது கையால் ஸ்பேனரைச் சின்னதாக ஒரு தள்ளு. செம்பி ஒரு முறை அத்தையின் கையை நக்குவாள், அவ்வளவுதான். கால் சுற்றுக்கு வலி பெரிதாக இருப்பதில்லை. பூட்டு நட்டைத் தளர்த்திவிட்டு மறுபடி இறுக்க மறக்கக்கூடாது, திருகும் திசையைத் தண்டிலேயே அம்பு போட்டுவைக்க வேண்டும், இரண்டும் அனுபவப்பட்டவர்கள் எங்களுக்குச் சொன்ன அறிவுரை.

திருகுவதைவிடக் கடினம் சுத்தம்தான். கம்பி தோலுக்குள் நுழையும் ஒவ்வொரு இடத்திலும் கொஞ்சம் நீர் கசிவது சகஜம். அது கெட்டியாகி, நாற்றமடித்து, தோல் சிவந்து, நாய் காலை ஊன்ற மறுத்தால்தான் பயப்பட வேண்டும். எங்களுக்கு ஐப்பசி மழை, மாட்டுக்கொட்டகை ஈ, செம்மண் சேறு மூன்றும் ஒன்றாக வந்தன. தினமும் சலைன் ஊற்றித் துடைத்து, டாக்டர் கொடுத்த கிருமிநாசினியைத் தொட்டு, வளையங்களுக்கு நடுவே காஸ் துணியைத் தளர்வாக அடைத்து, மேலே பழைய பருத்திப் புடவைத் துணியால் உறை. ஈ முட்டை வைத்துவிட்டால் புழு வைக்கும், அதைப் பார்த்துப் பதறாத தோப்புக்காரர்கள் கிடையாது, அதனால் பகலில் கொசுவலைக்குள் படுக்க வைத்தோம். மஞ்சள், வேப்பெண்ணெய், சாணம் என்று யோசனை சொல்ல வந்தவர்களை எல்லாம் அத்தை வாசலிலேயே திருப்பி அனுப்பினார்கள். வலிக்கு மனிதர்களின் மாத்திரையைக் கொடுக்கக் கூடாது என்பதையும் இங்கே சொல்லிவிடுகிறேன், நாம் சாதாரணமாக விழுங்கும் ஐபுப்ரோஃபென் நாயின் குடலைப் புண்ணாக்கி சிறுநீரகத்தைக் கெடுக்கும்.

நடக்க வேண்டும் என்பது பலருக்கு நம்ப முடியாத விஷயம். சட்டத்தோடு மெதுவாக, கயிறு பிடித்து, தினமும் நடக்க வைக்க வேண்டும். ஓடக் கூடாது, குதிக்கக் கூடாது, கயிற்றை அவிழ்க்கவே கூடாது. எலும்பு நீளுகிற வேகத்துக்குத் தசையும் தசைநாரும் ஈடு கொடுக்காமல் பாதம் உள்பக்கம் சுருண்டுவிடும், அது இறுகிப்போனால் நேரான எலும்பை வைத்து ஒரு பயனும் இல்லை. எனவே ஒவ்வொரு திருகலுக்குப் பிறகும் மணிக்கட்டையும் விரல்களையும் மெல்ல விரித்துக் கொஞ்ச நேரம் பிடித்திருக்க வேண்டும். இதை மாலையில் நான் செய்வேன். விரல்கள் விரிய மறுத்த ஒரு வாரம் எனக்குத் தூக்கமே இல்லை. டாக்டரிடம் போனில் சொன்னதும் திருகலின் வேகத்தைக் குறைக்கச் சொன்னார், பாதம் மறுபடி விரிந்தது. நினைத்தால் வேகத்தைக் கூட்டவும் குறைக்கவும் நிறுத்தவும் முடிகிற இந்த வசதி உள்ளே வைக்கும் பிளேட்டில் கிடையாது. நான் இந்த முறையை விரும்புவதற்குப் பெரிய காரணம் அது.

இரண்டு வாரத்துக்கு ஒரு முறை படம். முதலில் வெட்டின இடத்தில் வெறும் கறுப்பு இடைவெளி. அப்புறம் இரண்டு முனையிலிருந்தும் நீளவாக்கில் நூல் நூலாக வெள்ளைக் கோடுகள். திருகல் முடிந்த பிறகு அந்த நூல்கள் அடர்ந்து எலும்பாக இறுக, திருகினதைவிட அதிகக் காலம் சட்டத்தை அப்படியே விட்டுவைக்க வேண்டும், பொறுமை தீர்ந்துபோவது இந்தக் கட்டத்தில்தான். நேராகிவிட்டதே, கழற்றிவிடலாமே என்று வீட்டில் எல்லோரும் கேட்டார்கள். புது எலும்பு இறுகுவதற்குள் கழற்றினால் மறுபடி வளையும் அல்லது உடையும். நடுவில் ஒரு கம்பி அறுந்தது, அதை மாற்றினார்கள், பெரிய விஷயமாக ஆகவில்லை.

செலவைக் கேட்பார்கள். "இந்தக் காசுக்கு ஒரு கன்னுக்குட்டி வாங்கலாம்" என்று எங்கள் காதுபடவே சொன்னார்கள். வளையங்களும் தண்டுகளும் மறுபடி பயன்படுத்தக்கூடியவை, கம்பிகள்தான் புதிதாக வேண்டும், எனவே விசாரித்தால் சில இடங்களில் குறையும். பெங்களூருக்குத்தான் போக வேண்டும் என்பதும் இல்லை. நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியிலும் சென்னை வேப்பேரியிலும் அறுவை சிகிச்சைத் துறை இருக்கிறது, முன்கூட்டியே போன் செய்து வளையச் சட்டம் போடுகிறார்களா என்று கேட்டுக்கொண்டு, ஏற்கெனவே எடுத்த படங்களையும் கையோடு கொண்டு போங்கள். எல்லா வளைந்த காலுக்கும் அறுவை தேவையும் இல்லை. டாஷ்ஹண்ட் மாதிரி குட்டைக்கால் இனங்களுக்குக் கொஞ்சம் வளைவு இயல்பு. வலி இல்லாமல், முழங்கை நன்றாக இருந்து, லேசாக வளைந்திருந்தால் அப்படியே விட்டுவிடலாம். காலை எடுத்துவிடலாம் என்று சொல்பவர்களிடம் மட்டும் ஒன்றைக் கேளுங்கள்: நாய் தன் எடையில் ஏறத்தாழ 60 சதவீதத்தை முன்னங்கால்களில் தாங்குகிறது, ஒன்றை எடுத்தால் அது தாங்கின சுமையில் பெரும்பகுதி மற்ற முன்னங்காலுக்குப் போகும், அந்த மற்ற கால் அதைத் தாங்குமா? மூன்று காலில் நன்றாக வாழும் நாய்கள் உண்டு, மறுக்கவில்லை. காப்பாற்ற முடிகிற காலைச் சோம்பலால் எடுக்கக் கூடாது என்கிறேன்.

செம்பியின் கால் இப்போது நேராக இருக்கிறது, உள்ளங்காலின் நாலு மெத்தையும் தரையில் படுகின்றன, பழைய புண் இருந்த இடத்தில் முடி முளைத்துவிட்டது. நீளம் மற்ற காலைவிடக் கொஞ்சம் குறைவுதான், தோளையும் முழங்கையையும் அதற்கேற்பக் கொஞ்சம் நீட்டி வைத்துச் சமாளித்துக்கொள்கிறாள். முழங்கைதான் எங்கள் கவலை. எங்களிடம் வருவதற்கு முன்பே மாதக்கணக்கில் அது பொருத்தம் விட்டு இருந்ததால் குருத்தெலும்பு கொஞ்சம் தேய்ந்திருக்கிறது, மார்கழிக் குளிரில் காலையில் எழுந்ததும் சிறிது தூரம் நொண்டுகிறாள், நடந்தபின் சரியாகிறது. எடை ஏறாமல் பார்த்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறார்கள். அத்தை தட்டில் களி உருண்டை வைக்கும்போது நான் பாதியை எடுத்துவிடுவேன், அதற்கு எங்கள் வீட்டில் தினமும் ஒரு சண்டை நடக்கிறது. அடுத்த படம் தை மாதம்.